ஆறு நாள் கணக்கு

கல்யாணம் முடிந்த மூன்றாவது மாதமே அந்தக் கேள்வி ஆரம்பித்துவிடும். வளைகாப்பு, காதுகுத்து, ஏன், துக்க வீடாகவே இருந்தாலும் யாராவது ஒரு பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு கேட்பார்: “விசேஷம் ஏதாவது உண்டாம்மா?” ஒரு வருடம் போனால் குரல் தணிவதில்லை. இரண்டு வருடம் போனால் கேள்வி நின்று யோசனைகள் தொடங்கும். அந்தக் கோயிலில் தொட்டில் கட்டு, இந்த ஊரில் மூன்று வேளை மருந்து கொடுக்கிறார்கள், போய் வா. அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று கேலி பேசுகிற ஊர்தான், அந்த மரத்தைச் சுற்றி வரச் சொல்வதும்.

இத்தனை பேரும் ஒரு கணக்கை மட்டும் விடாமல் வைத்திருப்பார்கள்: கல்யாணமாகி எத்தனை மாதம் ஆகிறது என்பது. கரு உண்டாவதற்கு உதவுகிற கணக்கு வேறு. ஒரு மாதவிடாய்ச் சுற்றில் கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள் ஆறு. அந்த ஆறு நாட்கள் எவை என்று வீட்டில் யாரும் சொல்லித் தருவதில்லை. பள்ளிக்கூடப் பாடத்தில் அந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டிய ஆசிரியர்களும் நிறையப் பேர்.

நாள் எண்ணுவது தமிழுக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. பூப்பு தோன்றியபின் பன்னிரண்டு நாட்கள் கணவன் மனைவியை விட்டு விலகி வாழ்வது அறமாகாது என்று தொல்காப்பியத்தின் கற்பியல் விதிக்கிறது. பரத்தையிடம் போயிருப்பவனுக்காகவே சொன்ன விதி அது. புதுப்பெண்ணை ஆடியில் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகிற வழக்கத்திலும் ஒரு கூட்டல் இருக்கிறது. கரு உருவானதிலிருந்து பிறப்பு வரை சராசரியாக 266 நாட்கள். ஆடியில் தங்கிய கரு சித்திரை வெயிலில் பிள்ளையாக வந்து நிற்கும்.

தொல்காப்பியரின் பன்னிரண்டு நாட்களை மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணினால் 12-ஆம் நாளோடு முடிகின்றன. உதிரம் நின்றபின் எண்ணினால் 15, 16 வரை போகின்றன. 28 நாள் சுற்று உள்ள பெண்ணுக்குக் கரு தங்க ஏற்ற நாட்கள் ஏறக்குறைய 9 முதல் 14 வரை. எப்படி எண்ணினாலும் பெரும்பகுதி ஒத்துப்போகிறது. அதற்காக ‘அன்றே சொன்னார்கள்’ என்று மார்தட்டத் தேவையில்லை. பன்னிரண்டு நாள் வலை வீசினால் ஆறு மீனில் சிலவாவது சிக்கத்தான் செய்யும். ஆனால் 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்களோடு ஒப்பிட்டால் தொல்காப்பியர் எவ்வளவோ தேவலாம். மிருகங்களைப் பார்த்து மனிதர்களுக்குக் கணக்குப் போட்டவர்கள் அவர்கள். நாய்க்குப் பருவகாலத்தில் உதிரம் கசிகிறது, அப்போதுதான் சினைப்படுகிறது. ஆகவே பெண்ணுக்கும் மாதவிடாயை ஒட்டியே கருமுட்டை வெளிவருகிறது என்று முடிவு கட்டினார்கள். பிள்ளை வேண்டாம் என்றவர்களிடம் சுற்றின் நடு நாட்கள் ‘பத்திரமானவை’ என்று சொல்லியனுப்பினார்கள். அந்த யோசனையால் எத்தனை தொட்டில்கள் ஆடினவோ!

இந்தத் தலைகீழ்க் கணக்கை நிமிர்த்தியவர்களில் ஒருவர் ஜப்பானின் நீகாடா நகரில் வேலை பார்த்த மகப்பேறு மருத்துவர் கியூசாக்கு ஓகினோ. வேறு காரணங்களுக்காக வயிற்று அறுவைக்கு வந்த பெண்களின் சினைப்பைகளை அவர் கூர்ந்து பார்த்தார். முட்டை வெடித்து வெளியேறிய தடம் புதிதா பழையதா என்று குறித்துக்கொண்டார். கடந்த மாதவிடாய் என்று வந்தது, அடுத்தது என்று வந்தது என்று கேட்டுச் சேர்த்தார். முட்டை வெளிவரும் நாளைக் கடந்த மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணினால் ஆளுக்கு ஆள் மாறியது. அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 12 முதல் 16 நாட்களுக்குள் வந்து நின்றது. 1924-இல் இதை வெளியிட்டார். சில வருடங்களில் ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸ் தனியாக ஆராய்ந்து கிட்டத்தட்ட அதே முடிவுக்கு வந்தார்.

உலகம் இந்தக் கண்டுபிடிப்பை எதற்குப் பயன்படுத்தியது என்பதுதான் வேடிக்கை. ‘ஓகினோ முறை’ என்ற பெயரில் அது கருத்தடை வழியாகப் பரவியது. அதற்கு அது நம்பகமானதல்ல என்று ஓகினோ எதிர்த்தே வந்தார். பிள்ளையில்லாமல் தன்னிடம் வந்தவர்களுக்கு நாள் குறித்துக் கொடுக்கவே அந்தக் கணக்கு பயன்படும் என்பது அவர் எண்ணம்.

ஓகினோ சொன்னது முட்டை வெளிவரும் நாள். எந்தெந்த நாளில் சேர்ந்தால் கரு தங்குகிறது என்பதைத் துல்லியமாகப் பார்த்தவர் அமெரிக்காவின் ஆலன் வில்காக்ஸ். 1980-களில் வட கரோலினாவில், பிள்ளை வேண்டும் என்று கருத்தடையை நிறுத்திய 221 பெண்கள் அவர் குழுவின் ஆய்வில் சேர்ந்தார்கள். தினமும் காலையில் முதல் சிறுநீரைச் சிறு குப்பியில் பிடித்து வீட்டு ஃப்ரீசரில் வைக்க வேண்டும். முந்தைய நாள் உறவு உண்டா, உதிரப்போக்கு உண்டா என்று ஒரு அட்டையில் குறிக்க வேண்டும். அவ்வளவுதான். சிறுநீரிலிருந்த ஹார்மோன்களை வைத்து முட்டை வெளிவந்த நாளைக் கண்டுபிடித்து, அட்டையோடு பொருத்திப் பார்த்தார்கள்.

1995-இல் முடிவு வெளியானது. முட்டை வெளிவரும் நாள், அதற்கு முந்தைய ஐந்து நாட்கள், ஆக ஆறு நாட்களில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே கரு தங்கியிருந்தது. ஐந்து நாள் முன்பு என்றால் வாய்ப்பு 10 சதவிகிதம். முட்டை வெளிவரும் நாள் நெருங்க நெருங்கக் கூடி 33 சதவிகிதம். அதற்கு மறுநாள் சேர்ந்து உண்டான கரு ஒன்றுகூட இல்லை. இன்னொன்றும் தெரிந்தது. ஒற்றைப்படை இரவா, இரட்டைப்படை இரவா, முன்னதாகவா, பின்னதாகவா என்று நாள் பார்த்து ஆண் பிள்ளை வாங்கலாம் என்ற நம்பிக்கைக்கு அந்த அட்டைகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆண் குழந்தை பிறந்த சுற்றும் பெண் குழந்தை பிறந்த சுற்றும் ஒரே மாதிரிதான் இருந்தன.

அதிகபட்சமே 33 சதவிகிதம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாள் தப்பாமல், உடலில் எந்தக் குறையும் இல்லாமல், எல்லாம் கூடி வந்தாலும் மூன்றில் இரண்டு தடவை ஒன்றும் நடக்காது. கரு உண்டானாலும் ஒட்டிக்கொண்ட கருக்களில் 22 சதவிகிதம் யாருக்கும் தெரியாமலே கலைந்துவிடுகிறது என்று இதே பெண்களின் சிறுநீரை வைத்து வில்காக்ஸ் குழு 1988-இலேயே எழுதியிருந்தது. நாலு நாள் தள்ளிப் போய், பிறகு வழக்கம்போல வந்துவிடுகிற சில மாதங்களின் கதை அதுவாக இருக்கலாம். மூன்று மாதம் முயன்று பார்த்துவிட்டு ‘எனக்கு ஏதோ கோளாறு’ என்று ஒரு பெண் அழுவது கணக்குத் தெரியாத அழுகை.

ஏன் ஆறு நாள்? கருமுட்டைக்கு ஆயுசு ஒரு நாளைத் தாண்டாது. 12 முதல் 24 மணி நேரம். விந்தணு அப்படியல்ல, தோதான இடம் கிடைத்தால் ஐந்து நாள்வரை உயிரோடு காத்திருக்கும். ஆகவே முட்டை வந்தபின் ஓடிப் போவதைவிட, முன்கூட்டியே போய் இடம்பிடித்து உட்கார்ந்திருப்பதே பலன் தரும். ‘தோதான இடம்’ என்பதுதான் முக்கியம். பெண்ணுறுப்பின் உட்புறம் அமிலத்தன்மை கொண்டது. அங்கே விந்தணு சில மணி நேரத்தில் மடிந்துவிடும். கருப்பை வாயில் ஊறும் சளி போன்ற நீர் அதைக் காப்பாற்றுகிறது. மாதத்தில் பல நாட்கள் அந்த நீர் பசைபோல் கெட்டியாக, கதவை அடைத்த மாதிரி இருக்கும். முட்டை வெளிவரும் நாள் நெருங்கும்போது அது இளகி, தெளிந்து, வழுவழுப்பாகிறது.

கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லப் பிரித்தால் அறுபடாமல் நூலாக நீளும். உடைத்த முட்டையின் வெள்ளைக்கருவை நினைத்துக்கொண்டால் போதும், அதே நிறம், அதே இழுவை. அது தெரிகிற நாட்கள்தான் ஏற்ற நாட்கள். மறுபடி கெட்டியாகிவிட்டால் அந்த மாதத்துக்குக் கதவு மூடியாயிற்று. காசு செலவில்லாத சோதனை இது. ஆனால் நம் பெண்கள் பலருக்கு இதற்குத் தெரிந்த ஒரே பெயர் ‘வெள்ளைப்படுதல்’. உடம்பு ‘இன்றுதான்’ என்று சொல்கிற நாளில், உடம்புச் சூடு என்று மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். அரிப்பு, துர்நாற்றம், பால் திரிந்த மாதிரி இருப்பது ஆகியவை நோய். அதற்கு மருத்துவரிடம் போக வேண்டும். தெளிந்த வழுவழுப்பு நோயல்ல.

‘பதினாலாம் நாள்’ என்ற வாய்ப்பாட்டை மட்டும் மறந்துவிடுவது நல்லது. ஒரு பெண்ணுக்கு 34 நாட்களுக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 34-இல் 14 போனால் 20. அவருக்கு ஏற்ற நாட்கள் 15 முதல் 20 வரை. யாரோ சொன்னார்கள் என்று 12, 13, 14-ஆம் நாட்களைக் கவனமாகப் பயன்படுத்திவிட்டு, பிறகு ‘இந்த மாதம் முடிந்தது’ என்று இருந்தால், எத்தனை மாதம் போனாலும் முட்டையும் விந்தணுவும் சந்திக்கப் போவதில்லை. வில்காக்ஸ் குழு 2000-இல் இதையும் எண்ணிக் காட்டியது. மருத்துவக் குறிப்புகள் வழக்கமாகச் சொல்லிவந்த 10 முதல் 17 வரையான நாட்களுக்குள் ஆறு நாட்களும் முழுதாக அடங்கியது சுமார் 30 சதவிகிதப் பெண்களுக்குத்தான். கைபேசிச் செயலிகள் பலவும் பழைய தேதிகளை வைத்துப் பின்னோக்கிக் கழிக்கிற கணக்கர்கள்தாம். ஒரு காய்ச்சல், ஒரு பரீட்சை, ஒரு மாத இரவுப்பணி வந்தாலே முட்டை பிந்தலாம்; செயலிக்கு அது தெரியாது.

மருந்துக்கடையில் கிடைக்கிற எல்ஹெச் பட்டைகள் கொஞ்சம் மேல். முட்டை வெளிவருவதற்கு ஒன்று, ஒன்றரை நாள் முன்பு எல்ஹெச் என்ற ஹார்மோன் திடீரென்று உயர்வதைச் சிறுநீரில் காட்டும். காலையில் எழுந்ததும் உடல் வெப்பத்தைக் குறித்து வைக்கிற பழைய முறையும் உண்டு; அரை டிகிரிக்குள் ஒரு சிறு ஏற்றம் தெரியும். ஆனால் அந்த ஏற்றம் முட்டை வெளிவந்தபின் தெரிவது, பேருந்து போனபின் வருகிற அறிவிப்பு மாதிரி. சுற்று ஒழுங்காக இருக்கிறதா என்று அறிய உதவும், அவ்வளவே.

இத்தனை நாள் கணக்கும் தலைவலியாக இருக்கிறது என்பவர்களுக்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது: மாதவிடாய் முடிந்ததிலிருந்து இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே போதும், ஆறு நாட்களும் தானாக அகப்பட்டுவிடும். விந்தைச் ‘சேமித்து’ வைத்துக் குறித்த நாளில் செலவழித்தால் பலம் அதிகம் என்று நினைக்கும் ஆண்கள் உண்டு. தேங்கிய விந்தணுவுக்கு வேகம் குறையும். ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி விடாமலிருப்பது நல்லது. முடிந்தபின் இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து அரை மணி நேரம் அசையாமல் படுத்திருப்பதால் இயற்கையான உறவில் கூடுதல் பலன் கிடைத்ததற்கு ஆதாரமில்லை. சில நிமிடங்களிலேயே விந்தணுக்கள் கருப்பை வாய்க்குள் நுழைந்துவிடுகின்றன. தேங்காய் எண்ணெய், எச்சில், கடையில் விற்கும் வழுவழுப்புக் களிம்புகள் ஆகியவற்றில் பல விந்தணுவின் ஓட்டத்தைத் தடுக்கக்கூடியவை. ஏற்ற நாட்களில் அவற்றைத் தவிர்க்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பெண்ணின் நாட்காட்டி. ஆணுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு, அதில் ஒரு பக்கம் கிட்டத்தட்ட மூன்று மாதம்.

ஒரு விந்தணு உருவாக சுமார் 74 நாட்கள் ஆகின்றன. பிறகு அது விரையை ஒட்டிய சுருள்குழாயில் ஊர்ந்து நீந்தக் கற்று வெளிவர இன்னும் சில நாட்கள். நொடிக்கு ஆயிரத்துக்கு மேல் தயாராகிற பட்டறை விரை. பட்டறைக்குத் தேவை குளிர்ச்சி; உடல் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவு. அதனால்தான் இயற்கை அதை உடலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறது. வெல்டிங் வேலை செய்பவர்களையும் பீங்கான் சூளைத் தொழிலாளர்களையும் ஐரோப்பாவில் ஆராய்ந்தபோது சூட்டின் பாதிப்பு தெரிந்திருக்கிறது. பரோட்டாக் கல்லின் முன்னால் பத்து மணி நேரம் நிற்பவர், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் எல்லோரும் இதை யோசிக்கலாம். சிகரெட், அளவு மீறிய குடி இரண்டும் பட்டறையைக் கெடுப்பவை. இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது ஜிம்மில் போடுகிற டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆண்மை ஹார்மோன்தானே, நல்லதுதானே என்று போடுகிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்து குவிந்ததும் மூளை ‘இனி வேண்டாம்’ என்று விரைக்குக் கட்டளை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி பூஜ்யம் வரைகூடப் போகும். புஜம் பெருத்து, அங்கே கடை மூடியிருக்கும்.

சென்ற மாதம் டெங்கு வந்து உடம்பு கொதித்தவருக்கு இந்த மாதம் விந்துப் பரிசோதனை செய்தால் எண்ணிக்கை குறைவாகத்தான் காட்டும். மூன்று மாதம் கழித்து எடுத்தால் வேறு முடிவு வரலாம். இன்று புகையை விட்டவருக்கும் அதே தவணைதான்.

அந்தப் பரிசோதனைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு ஆய்வகத்துக்குப் போனால் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து ஒரு சிறிய அறையைக் காட்டுவார்கள். வீட்டிலிருந்து கொண்டு வருவதானால் சட்டைப்பையில் உடம்புச் சூட்டோடு வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். கெட்டியாக இருப்பது அரை மணியில் நீர்க்கும். ஒரு சொட்டைக் கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தந்த கீழ் அளவு. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. இருந்தும் பெண்ணுக்கு ஸ்கேன், ரத்தம், குழாய்ப் பரிசோதனை எல்லாம் முடிந்து இரண்டு வருடம் கழித்தே இந்த டப்பா வெளியே வருகிற வீடுகள் நிறைய. மாமியார்கள் இந்த வரியைப் படிப்பார்களாக.

பெண்ணின் பக்கம் இன்று அதிகம் காதில் விழுவது ‘நீர்க்கட்டி’, அதாவது பிசிஓஎஸ். உலகில் குழந்தை பெறும் வயதுப் பெண்களில் 8 முதல் 13 சதவிகிதத்தினருக்கு இருக்கிறது. கட்டி என்ற பெயரே தப்பு. வளர ஆரம்பித்து முழுதாக முதிராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள் அவை. முட்டை வெளிவராத மாதங்களில் எந்த நாள் கணக்கும் செல்லாது. எல்ஹெச் பட்டையும் இவர்களிடம் சில சமயம் பொய் சொல்லும், ஏனென்றால் பலருக்கு அந்த ஹார்மோன் எப்போதுமே கொஞ்சம் உயர்ந்திருக்கும். எடை கூடியவர்களாக இருந்தால் 5 முதல் 10 சதவிகிதம் குறைத்தாலே பலருக்குச் சுற்று திரும்புகிறது. 80 கிலோ இருப்பவர் ஐம்பதுக்கு இறங்க வேண்டியதில்லை. நாலு முதல் எட்டு கிலோ. சுற்றைக் குலைக்கிற இன்னொரு காரணமான தைராய்டுக் கோளாறு ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

ஃபோலிக் அமில மாத்திரை கரு தங்குவதற்கானதல்ல, தங்கிய கருவுக்கானது. ஆனாலும் அதை முன்பே தொடங்க வேண்டும். குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப் போகிற நரம்புக்குழாய் கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிக்கொண்டுவிடுகிறது; ‘நாள் தள்ளிப் போயிருக்கு’ என்று உறுதி செய்துகொள்வதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். இந்தச் சத்தின் கதையில் சென்னைக்கும் இடமுண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய 1928-இல் பம்பாய் வந்தார். குன்னூரிலும், 1931-இல் சென்னையில் இன்றும் ஆட்டோக்காரர்கள் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே சொல்கிற கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாற்றில் செய்த மலிவான மார்மைட் அந்தச் சோகையைத் தீர்ப்பதைக் கண்டார். அதற்குள் இருந்த பொருள்தான் ஃபோலேட், மாத்திரையில் ஃபோலிக் அமிலம். முன்பு நரம்புக்குழாய்க் குறையுள்ள கருவைச் சுமந்த தாய்மார்களிடம், அடுத்த முறை ஃபோலிக் அமிலம் ஆபத்தை 72 சதவிகிதம் குறைத்ததாக 1991-இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. சாதாரணமாக நாளுக்கு 400 மைக்ரோகிராம் போதும். அதற்கு மேல் வேண்டுமா என்று மருத்துவர் சொல்வார்.

எப்போது மருத்துவரிடம் போவது? பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருட முயற்சிக்குப் பின். அதற்கு மேல் என்றால் ஆறு மாதத்தில். முட்டைகள் பிறக்கும்போதே பத்து, இருபது லட்சமாக எண்ணி வைக்கப்பட்டவை, புதிதாக வருவதில்லை, வயதோடு தரமும் இறங்கும் என்பதால் இந்த அவசரம். சுற்று ஒழுங்கில்லாதவர்கள், முன்பு காசநோயோ வயிற்றுத் தொற்றோ வந்தவர்கள், விரைவீக்கமுள்ள ஆண்கள் ஆகியோர் காத்திருக்கவே வேண்டாம்.

‘ஒரு வருட முயற்சி’ என்பதிலும் நாள் கணக்கு ஒளிந்திருக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் கணவர், ராமநாதபுரத்தில் மனைவி என்று வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒரு முறை, முப்பது நாள் விடுமுறை. கல்யாணமாகி மூன்று வருடம், ‘ஒன்றும் இல்லை’ என்று இரு வீட்டிலும் கவலை. மனைவிக்கு ஏற்கெனவே இரண்டு இடத்தில் ஸ்கேன். எண்ணிப் பார்த்தால் மூன்று வருடத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஆறு நாட்கள் மூன்றே முறை. அதிலும் ஒரு தடவை அவர் வந்திறங்கியபோது ஆறு நாட்கள் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது, அடுத்தது தொடங்கும் வாரத்தில் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். வட கரோலினாப் பெண்கள் ஒரு காலாண்டில் பார்த்ததைவிடக் குறைவாகவே இவர்கள் மூன்று வருடத்தில் முயன்றிருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது மாத்திரையோ தொட்டிலோ அல்ல. அடுத்த விடுமுறைக்கு எழுதிக் கொடுக்கும்முன் மனைவியிடம் போனில் இரண்டு தேதிகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: போன தடவை எப்போது வந்தது, அதற்கு முந்தியது எப்போது.